பட்டா இருக்கிறது, கட்டலாமா? நில உபயோகம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னைப் புறநகரில் வீட்டு பிளான் வரைந்து அப்ரூவலுக்குப் போடுவது என் தொழில். கீழே உள்ள கேள்விகள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பலர் கேட்டவை. பாதிப் பேர் அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டார்கள், கால்வாசிப் பேர் கட்டி முடித்த பிறகு. பதில்கள் சென்னைப் பெருநகர்ப் பகுதியை வைத்து எழுதியவை. மற்ற ஊர்களுக்கு விஷயம் மாறும் இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

பத்திரம் பக்கா, பட்டா என் பெயரில், வில்லங்கமும் இல்லை. இதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும்?

பத்திரம் அந்த நிலம் யாருடையது என்று சொல்லும். பட்டா, வருவாய்த் துறைக் கணக்கில் யார் பெயர் இருக்கிறது என்று சொல்லும். வில்லங்கச் சான்று, யாரிடமாவது அடமானத்தில் இருக்கிறதா, யார் யார் கை மாறியது என்று சொல்லும். இந்த மூன்றையும் திருப்பித் திருப்பிப் படித்தாலும், அங்கே என்ன கட்டலாம் என்பது மட்டும் கிடைக்காது.

அது முழுமைத் திட்டத்தில் இருக்கிறது. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி, நகரத்துக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஒரு முழுமைத் திட்டம் போட்டு, எந்தச் சர்வே எண்ணில் எந்த உபயோகம் என்று வரைபடத்தில் நிறம் தீட்டி வைத்துவிடுவார்கள். சென்னைக்கு இப்போது கையில் இருப்பது, 2008 செப்டம்பரில் அரசு ஒப்புதல் பெற்ற இரண்டாம் முழுமைத் திட்டம். நீங்கள் அந்த நிலத்தை வாங்கியது 1985ஆகவே இருக்கட்டும், தாத்தா சொத்தாகவே இருக்கட்டும், அந்த வரைபடம் உங்கள் நிலத்துக்கும் பொருந்தும்.

வக்கீல் ‘லீகல் கிளியர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாரே என்பார்கள். அவர் பார்த்தது உரிமையை. நில உபயோகத்தையும் பார்த்து ஒரு வரி எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். நல்ல வக்கீல் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சி.எம்.டி.ஏ., டி.டி.சி.பி., மாநகராட்சி, பஞ்சாயத்து… நான் யாரிடம் போக வேண்டும்?

சென்னைப் பெருநகர்ப் பகுதிக்குள் என்றால் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், அதாவது சி.எம்.டி.ஏ. மாநிலத்தின் மற்ற பகுதிகளுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம், அதுதான் டி.டி.சி.பி. ஆனால் எல்லோரும் நேராக எழும்பூருக்கு ஓட வேண்டியதில்லை. 10,000 சதுர அடிக்கும் எட்டு வீட்டுக்கும் மிகாத குடியிருப்பு என்றால் திட்ட அனுமதி தரும் அதிகாரம் உள்ளாட்சி அமைப்புகளிடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. சாதாரணத் தனி வீடு கட்டுபவருக்கு மாநகராட்சியோ நகராட்சியோ பஞ்சாயத்தோதான் வாசல்.

திட்ட அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. முதலாவது, இந்த இடத்தில் இந்த உபயோகத்துக்கு இவ்வளவு கட்டலாம் என்பது. இரண்டாவது, உள்ளாட்சி தரும் கட்டுமான உரிமம். பெரிய கட்டடங்களுக்கு இரண்டும் இரண்டு இடத்திலிருந்து வரும். ஒன்றை வாங்கிக்கொண்டு இன்னொன்றை மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெருநகர்ப் பகுதி முன்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022 அக்டோபரில் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசு அறிவித்தது, அரக்கோணம் பக்கம் வரைக்கும். உடனே புரோக்கர்கள் ‘சி.எம்.டி.ஏ. லிமிட்டுக்குள் வந்துடுச்சு சார்’ என்று விலையை ஏற்றினார்கள். எல்லைக்குள் வந்தது உண்மை. ஆனால் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் வண்ண வரைபடம் பழைய 1,189 சதுர கிலோமீட்டருக்குத்தான். ‘லிமிட்டுக்குள்’ என்பதும் ‘அப்ரூவ்டு’ என்பதும் ஒன்றல்ல.

மண்டலங்கள் என்னென்ன?

முதன்மைக் குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழிற்சாலை, அபாயகரமான சிறப்புத் தொழிற்சாலை, திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு, விவசாயம், நகர்ப்புறம் அல்லாத பகுதி, நகர்மயமாகக்கூடிய பகுதி. வீடு கட்டுபவர் தேட வேண்டியது முதல் இரண்டை. வணிக மண்டலத்திலும் வீடு கட்டலாம். ‘நிறுவனம்’ என்றால் கம்பெனி என்று நினைக்கிறார்கள். பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகம் மாதிரியானவற்றுக்கானது அது. ‘திறந்தவெளி’ என்று வந்தால் காசை மடித்து உள்ளே வையுங்கள்.

என் இடம் எந்த மண்டலம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சி.எம்.டி.ஏ. இணையதளத்தில் கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்தால் நில உபயோகம் காட்டும். இலவசம். ஆனால் சர்வே எண்ணை உட்பிரிவோடு சரியாகக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான குழப்பம் அங்கேதான்.

ஒருமுறை ஓர் அப்பாவும் மகனும் வந்தார்கள். இரண்டு கிரவுண்டு, கார்னர் மனை. வீடு கட்டி மேலே வாடகைக்கு விட எண்ணம். பழைய தாய்ப் பத்திரத்தில் மொத்தச் சர்வே எண்தான் இருந்தது, உட்பிரிவு இல்லை. அந்த எண்ணைப் போட்டால் ‘பகுதி முதன்மைக் குடியிருப்பு, பகுதி திறந்தவெளி’ என்று வந்தது. பகுதி என்றால் எந்தப் பகுதி? வருவாய்த் துறையின் இ-சேவைத் தளத்தில் நில அளவை வரைபடத்தை, நாங்கள் எஃப்.எம்.பி. என்போமே அதை, இறக்கிப் பிரின்ட் எடுத்தேன். பட்டாவில் உள்ள உட்பிரிவைத் தேடி, ஸ்கேல் வைத்து, முழுமைத் திட்ட வரைபடத்தின் கோட்டைப் பென்சிலால் அதன் மேல் இழுத்தேன். கோடு மனையின் குறுக்கே, வாசலில் தொடங்கிப் பின் மூலைக்குப் போனது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். “அட்வான்ஸ் அஞ்சு லட்சம் குடுத்தாச்சே தம்பி” என்றார். மகன் ஒன்றும் பேசவில்லை.

அந்த அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. பார்க்க ஆன நேரம் நாற்பது நிமிடம்.

ஆகவே இணையத்தில் பார்ப்பதோடு நிறுத்தாமல், ‘பகுதி’ என்ற சொல் வந்தாலோ, பக்கத்தில் ஏரி, வாய்க்கால், பெரிய சாலை இருந்தாலோ, குழுமத்திடம் நில உபயோகத் தகவலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சென்னைக்கு வெளியே உள்ளவர்கள் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ உள்ளூர்த் திட்டக் குழுமத்திலோ கேட்கலாம்.

பட்டாவில் ‘புன்செய்’ என்று இருக்கிறது. அப்படியானால் விவசாய மண்டலமா?

இல்லை. நன்செய், புன்செய், நத்தம், புறம்போக்கு என்பது வருவாய்த் துறையின் வகைப்பாடு. வரி போடுவதற்காக என்றோ எழுதியது. முழுமைத் திட்டத்தின் மண்டலம் தனி. அண்ணா நகரிலேயே பழைய கணக்கில் நன்செய் என்றிருந்த நிலத்தில் அடுக்குமாடி நிற்கிறது.

தலைகீழாகவும் நடக்கும். பட்டாவில் புன்செய், நேரில் போனால் முள்ளும் புல்லும், சுற்றிலும் நாலு வீடு. வரைபடத்திலோ விவசாயம். நாலு வீடு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள், வந்துவிட்டது. உங்களுக்கு அனுமதி வராது.

முழுமைத் திட்டமே இல்லாத கிராமப் பகுதிகளில் கதை வேறு. அங்கே விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அதே 1971 சட்டத்தின் 47-ஏ பிரிவும் 2017இல் வந்த விதிகளும் பொருந்தும். உள்ளாட்சி தன்னிச்சையாக அனுமதி தர முடியாது, நகர் ஊரமைப்பு இயக்குநரின் முன் இசைவு வேண்டும். நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியரிடமும் போக வேண்டியிருக்கும். இங்கே மட்டும், பட்டாவில் உள்ள அந்த ஒரு சொல் உங்களுக்குப் பல மாதங்களைக் கூட்டிவிடும்.

‘பஞ்சாயத்து அப்ரூவ்டு’ மனை என்கிறார்கள். வாங்கலாமா?

அந்த லே-அவுட் வரைபடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீல நிறத்தில் ஒரு பழைய நகல், ஓரங்கள் மடிந்து கிழிந்திருக்கும். 23 அடி ரோடு, மனை எண் 1 முதல் 60 வரை, ஒரு மூலையில் ‘பார்க்’. கீழே பஞ்சாயத்துத் தலைவரின் வட்ட முத்திரையும் பச்சை மைக் கையெழுத்தும். அந்த முத்திரையை நம்பித்தான் லட்சக்கணக்கானவர்கள் மாதத் தவணையில் மனை வாங்கினார்கள். லே-அவுட்டுக்கு ஒப்புதல் தரும் அதிகாரம் அந்தக் கையெழுத்துக்கு இருந்ததில்லை.

பத்திரப் பதிவு அலுவலகம் மட்டும் பல காலம் கேள்வி கேட்காமல் பதிந்துகொண்டே இருந்தது. 2016 செப்டம்பர் 9 அன்று, விளைநிலங்கள் மனையாவதை எதிர்த்த ஒரு பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த மாதம், 2016 அக்டோபர் 20 அன்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிய முடியாது, ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதியப்பட்டிருந்தால் ஒழிய. ஒரு வருடம் புறநகரில் எங்கள் தொழிலே படுத்துவிட்டது.

2017 மே மாதம் அரசு முறைப்படுத்தும் விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20க்குள் பத்திரம் பதிந்து விற்ற மனைகளுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்தித் தருவது. விண்ணப்பிக்கும் கடைசி நாள் பலமுறை தள்ளிப்போனது. நீங்கள் விண்ணப்பிக்கும் நேரத்தில் வாசல் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீர்நிலை, வாய்க்கால், புறம்போக்கு, பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எதுவும் இந்த விதியில் தேறாது.

கேள்விக்கு வருகிறேன். 22-ஏயில் உள்ள அந்த விலக்கால், 2016க்கு முன் பதிவான மனை இன்றும் கைமாறுகிறது. ‘பதிவு ஆகிறதே சார், அப்புறம் என்ன?’ என்று விற்பவர் சொல்வார். பதிவு ஆகும். முறைப்படுத்தாமல் பிளான் அப்ரூவல் ஆகாது, வங்கிக் கடன் ஆகாது. முறைப்படுத்திய உத்தரவின் நகலை விற்பவரே எடுத்துத் தரட்டும், அதற்குப் பிறகு விலை பேசுங்கள். ‘நீங்க வாங்கிட்டுப் பண்ணிக்கலாம்’ என்றால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். அப்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

லே-அவுட்டில் பார்க் என்று காட்டிய இடம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிறது. அதை வாங்கிக்கொள்ள முடியுமா?

முடியாது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்து விற்கும்போது, சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணம் கட்ட வழி உண்டு, அதற்கு மேல் இடமாகவே தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்று காதில் விழுவது இதுதான். சில இடங்களில் புரமோட்டர் தானப் பத்திரமே எழுதாமல் பத்து வருடம் கழித்து அதை மனையாக்கி விற்றிருக்கிறார். வாங்கியவர் வீடு கட்டிவிட்டால், குடியிருப்போர் சங்கம் நீதிமன்றம் போகும்போது இடிபடுவது அவர் வீடு. சந்தேகமாக இருந்தால் அங்கீகரித்த வரைபடத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். விற்பவர் நீட்டும் ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

ஒரு கிரவுண்டில் எவ்வளவு கட்டலாம்?

2019 பிப்ரவரியில் மாநிலம் முழுமைக்கும் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அதன்படி 18.30 மீட்டர் உயரத்துக்கு மிகாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. எல்லோரும் எஃப்.எஸ்.ஐ. என்றுதான் சொல்கிறோம். அதற்கு முன் 1.5ஆக இருந்தது. மனையின் பரப்பை இரண்டால் பெருக்கினால் எல்லா மாடியும் சேர்ந்து எவ்வளவு கட்டலாம் என்று வரும். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஆக 4,800.

ஆனால் காகிதத்தில் 4,800 வேறு, மண்ணில் 4,800 வேறு. 40க்கு 60 மனை என்று வைப்போம். ஒரு கணக்குக்கு முன்னால் ஒன்றரை மீட்டர், மற்ற மூன்று பக்கமும் ஒரு மீட்டர் விட்டால், கட்ட மிஞ்சுவது சுமார் 33க்கு 51 அடி, ஒரு தளத்துக்கு 1,700 சதுர அடி சொச்சம். கீழே முழுக்கக் கார் நிறுத்தம், மேலே மூன்று தளம் என்று பில்டர் சொல்வார். மூன்று தளமும் முழுதாகப் போட்டால் 5,100ஐத் தொடும். 4,800ஐத் தாண்டிய அந்த 300 சதுர அடிதான் பிறகு நோட்டீஸில் வரும் 300 சதுர அடி.

எவ்வளவு உயரம், எத்தனை வீடு என்பதற்கு ஏற்ப விட வேண்டிய இடமும் மாறும், வாசல் சாலையின் அகலமும் கணக்கில் வரும். சாலை 9 மீட்டருக்கு மேல் என்றால் பணம் கட்டிக் கூடுதல் குறியீடு வாங்கலாம்: 9 முதல் 12 மீட்டர் வரை 30 சதவீதம், 12 முதல் 18 வரை 40, 18க்கு மேல் 50. சாலை அகலத்தை டேப் பிடித்து அளந்து பாருங்கள். பத்திரத்தில் 30 அடி என்றிருக்கும், நேரில் 26 அடி இருக்கும். எதிர் வீட்டுப் படிக்கட்டும் பூந்தொட்டியும் மீதி நாலு அடியில் உட்கார்ந்திருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சுவரோடு சுவராகக் கட்டியிருக்கிறார். நான் மட்டும் ஏன் இடம் விட வேண்டும்?

ஜார்ஜ் டவுன் போன்ற பழைய பகுதிகள் சில ‘தொடர் கட்டடப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்டவை. அங்கே சுவரோடு சுவர் சட்டப்படியே சரி. உங்கள் தெரு அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அவர் செய்தது தவறு. அது உங்களுக்கு அனுமதி ஆகாது.

இதைக் கேட்பவர்களிடம் நான் விதியைப் பற்றிப் பேசுவதில்லை. செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டால் ஆள் எந்த வழியாகப் போவான், ஏ.சி. அவுட்டோரை எங்கே மாட்டுவீர்கள், மழைநீர்க் குழாய் எங்கே இறங்கும் என்று கேட்பேன். மூன்றாவது கேள்விக்குள் பெரும்பாலும் மூன்று அடி விட ஒத்துக்கொள்வார்கள்.

சுய சான்றில் உடனே அப்ரூவல் கிடைக்கிறதாமே?

ஆமாம். 2024 ஜூலையில் தொடங்கியது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளம் அல்லது தரையும் முதல் மாடியும், குடியிருப்பு மட்டும். இணையத்தில் விவரம் ஏற்றி, கட்டணம் கட்டினால் அனுமதி இறங்கிவிடும். என்னைப் போன்றவர்களின் பிழைப்பில் மண் விழுந்தாலும் நல்ல திட்டம் என்றுதான் சொல்வேன். முன்பு இதற்கு இரண்டு மாதம் நடக்க வேண்டும்.

அதில் ஒரு கண்ணி இருக்கிறது. பெயரே சுய சான்று. மண்டலம் சரி, மனைக்கு அங்கீகாரம் உண்டு, இவ்வளவு இடம் விடுவேன் என்று நீங்களே உறுதி கொடுக்கிறீர்கள். யாரும் வந்து பார்க்காமல் கிடைத்த காகிதம், சொன்னது பொய் என்று தெரிந்தால் செல்லாமல் போகும். ‘கம்ப்யூட்டரே குடுத்துச்சு’ என்று அப்போது சொல்ல முடியாது. பிரவுசிங் சென்டரில் யாரோ ஒரு பையன் டிக் அடித்துவிட்டுப் போன கட்டங்கள் எல்லாம் உங்கள் வாக்குமூலம். ஒவ்வொன்றையும் படித்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

வீட்டின் முன் அறையில் கடை வைக்கலாமா?

முதன்மைக் குடியிருப்பிலேயே பெட்டிக்கடை, மளிகை, பால் பூத், தையல் கடை போன்ற அன்றாடத் தேவைக்கான சிறு கடைகளுக்கும், அங்கே வசிக்கும் டாக்டர், வக்கீல், ஆடிட்டரின் ஆலோசனை அறைக்கும் பரப்பு வரம்போடு இடம் உண்டு. மாவு அரைக்கும் கடை, பேக்கரி, வொர்க்‌ஷாப் என்று மோட்டார் ஓடத் தொடங்கினால் பரப்போடு குதிரைத்திறன் கணக்கும் சேர்ந்துகொள்ளும். கலப்புக் குடியிருப்பில் கை கொஞ்சம் தாராளம்.

எனக்குத் தெரிந்த ஒரு அம்மா பலகாரம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார். அதிரசம், முறுக்கு. நன்றாகப் போனது. பின்கட்டில் பெரிய அடுப்பும் மாவு பிசையும் மெஷினும் இறக்கினார். மாடி வீட்டுக்காரருக்கு மதியத் தூக்கம் போயிற்று, புகார் போயிற்று. மண்டலம் முதன்மைக் குடியிருப்பு. மெஷினையும் அடுப்பையும் இரண்டு தெரு தள்ளி, பிரதான சாலையில் ஒரு வாடகைக் கடைக்கு மாற்றினார். வியாபாரம் கூடியது, லாபம் வாடகையில் போகிறது என்கிறார்.

ஈ.பி.யில் வணிகக் கட்டண இணைப்பு வாங்கிவிட்டால் கடை சட்டப்படி ஆகிவிட்டது என்றொரு நம்பிக்கை உண்டு. மின் வாரியம் தருவது மின்சாரம் மட்டும்தான்.

மண்டலத்தையே மாற்ற முடியுமா?

முடியும். 1971 சட்டத்தின் 32(4) பிரிவில் முழுமைத் திட்டத்தைத் திருத்த வழி இருக்கிறது. நில உபயோக மாற்றம் என்று விண்ணப்பம், கட்டணம், நாளிதழில் பொதுமக்களின் ஆட்சேபணை கேட்டு விளம்பரம், தொழில்நுட்பக் குழு ஆய்வு, குழுமக் கூட்டம், கடைசியில் அரசிதழ். ஆட்சேபணை வந்தால் அதற்கு விளக்கம். இதில் எந்தக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

நிலம் ஏற்கெனவே உங்களுடையது, சுற்றிலும் குடியிருப்பு வந்துவிட்டது, சாலையும் அகலமாக இருக்கிறது என்றால் முயன்று பாருங்கள். ‘மாத்திக்கலாம் சார்’ என்ற ஒரு வாக்கை நம்பி விவசாய மண்டலத்தில் குடியிருப்பு விலை கொடுத்து வாங்காதீர்கள். விற்பவருக்கு மாற்றத்தில் அவ்வளவு நம்பிக்கை இருந்தால், அரசிதழில் வந்த பிறகு கிரயம் என்று ஒப்பந்தம் போடட்டும்.

மனையில் கொஞ்சம் சாலைக்குப் போகும் என்கிறார்களே?

முழுமைத் திட்டத்தில் பல சாலைகளை விரிவாக்கக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். திட்ட அனுமதி கேட்கும்போது அந்தக் கோட்டுக்குள் வரும் பகுதியைத் தானமாக எழுதிக் கேட்பார்கள், மீதியில்தான் கட்டடம். கடைசி வரை சாலை விரியாமலே போனாலும் அந்த இடம் திரும்பாது. மனை வாங்கும்போது நில உபயோகத்தோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஏரிக்கரை, கடற்கரை ஓரம் மனை. தனி விதி உண்டா?

மண்டலம் குடியிருப்பாகவே இருந்தாலும் அதன் மேல் இன்னொரு போர்வை இருக்கலாம். கடலோர ஒழுங்குமுறை மண்டலம், கடல் பெருக்கில் நீர் ஏறி நிற்கும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை. கடலோரம் மட்டும் என்று நினைக்காதீர்கள், கடல் நீர் ஏறும் அடையாறு, கூவம் கரைகளுக்கும் அது வரும். திருவான்மியூருக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணல் பகுதி, நிலத்தடி நீர் ஊறும் பகுதி என்பதால் கட்டடத்துக்குக் கட்டுப்பாடு. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் அப்படியே. மீனம்பாக்கத்தைச் சுற்றியும் தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றியும் உயரத்துக்குத் தடையின்மைச் சான்று. மலைப்பகுதி என்றால் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி.

பள்ளிக்கரணை தனிக் கதை. சதுப்புநிலம் 2022இல் ராம்சார் தலமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், ஆய்வு முடியும் வரை புதிய திட்ட அனுமதி தரக் கூடாது என்று 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. பெரும்பாக்கம், வேளச்சேரி, துரைப்பாக்கம் பக்கம் பாதி பிளானோடு நின்றவர்கள் ஏராளம். அங்கே வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் வாரத்தில் நிலவரத்தைக் கேளுங்கள், போன மாதம் யாரோ சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பிளானைத் தாண்டிக் கட்டியாகிவிட்டது. நோட்டீஸ் வந்திருக்கிறது.

முதலில், நோட்டீஸை மேசை டிராயரில் போடாதீர்கள். 1971 சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் வரும் நோட்டீஸுக்கு அடுத்த படி பூட்டி சீல் வைப்பது, அதற்கடுத்து இடிப்பது. சீல், இடிப்பு உத்தரவுகளை எதிர்த்து 80-ஏ பிரிவில் அரசிடம் முறையீடு செய்யலாம், அதற்கு நாள் கணக்கு உண்டு. அந்த அவகாசத்தில் விதிக்குள் அடங்கும் அளவுக்கு அடக்கித் திருத்தத் திட்டம் போடுங்கள். கூடுதல் குறியீட்டுக்குப் பணம் கட்டிச் சரியாகிறதா, பின்பக்கத்து ஷீட் கூரையைக் கழற்றினால் போதுமா என்று பார்க்க ஒரு நல்ல இன்ஜினீயர் வேண்டும். என் அனுபவத்தில் பாதிக் கேஸ் ஒரு படிக்கட்டிலோ ஒரு கழிவறையிலோ தீர்ந்துவிடும்.

‘எப்படியும் ரெகுலரைஸ் பண்ணிடுவாங்க’ என்று காத்திருப்பது வீண். 113-சி பிரிவில் முறைப்படுத்தும் திட்டம் 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டும். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும், ரொம்ப நாளாக நிற்கிறது, நிறையப் பணம் போட்டாச்சு என்பதெல்லாம் காரணமாகாது என்று சொல்லிவிட்டது. பணி நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே வங்கிகள் கடன் தர வேண்டும் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. சிறு வீடுகளுக்குப் பணி நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு உண்டு. நாலைந்து வீடு கட்டி விற்க நினைப்பவர்கள் அந்த விலக்கின் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டியும் சான்று இல்லை என்றால் ஈ.பி. இணைப்பில் வந்து நிற்கும்.

மூன்றாம் முழுமைத் திட்டம் வரப்போகிறதாமே, அதுவரை காத்திருக்கலாமா?

2027 முதல் 2046 வரைக்கான திட்டத்தைத் தயாரிக்கிறார்கள். வரைவு வெளியாகும்போது ஆட்சேபணை, ஆலோசனை கேட்பார்கள். உங்கள் நிலத்தின் மண்டலம் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால் தனி மனு போட்டு அலைவதைவிட அந்த நேரத்தில் எழுதிக் கொடுப்பது சுலபம், செலவும் இல்லை. அதை யாரும் வீடு தேடி வந்து சொல்ல மாட்டார்கள். சர்வே எண், பட்டா நகல், எஃப்.எம்.பி., நாலு புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு இப்போதே வைத்திருங்கள்.

கட்டுவதைத் தள்ளிப்போட வேண்டுமா என்றால், வேண்டாம். கோயம்புத்தூரில் 1994இல் ஒப்புதல் பெற்ற திட்டம் முப்பது ஆண்டு ஓடியது. திட்டத்துக்காகக் காத்திருந்தவர்களின் பிள்ளைகள் இப்போது வீடு கட்டுகிறார்கள்.

எதிர் மனையில் அனுமதி இல்லாமல் ஐந்து மாடி எழும்புகிறது. நான் புகார் கொடுத்தால் என் வீட்டையும் அளப்பார்களா?

அளப்பார்கள். முதலில் உங்கள் வீட்டை நீங்களே அளந்து பாருங்கள்.